பதம் பார்த்தது

"தாயீ, வீட்டில் ஸ்டிக்கர் பொட்டு இருக்கா?" என்று ஒரு நாள் போனுக்குள்ளிருந்து அந்தப் பெண் கேட்டாள். இருக்கிறது என்றேன். "பெரிசா, கருஞ்சிவப்பா ஒண்ணு எடுத்துத் தொண்டைக்கு நடுவுல ஒட்டுங்க. நீங்க முழுங்கும்போது குரல்வளை மேலே ஏறுதான்னு எனக்குத் தெரியல. ஆம்பளைங்களுக்குத் துருத்திக்கிட்டு நிக்கும், பார்த்தாலே தெரியும். உங்களுக்குப் பொட்டு வச்சாதான் தெரியும்."

அத்தை (என் மாமியார், வயது 78) பொட்டு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். "நெத்தியில வைட்டீன்னா வைக்க மாட்டா, தொண்டையில வைக்கா" என்று அவர் முணுமுணுத்ததும் போனில் கேட்டிருக்கும். நான் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து ஒரு ஸ்பூன் தயிரை விழுங்கினேன். பொட்டு மேலே போய்க் கீழே வந்தது. "இன்னொரு தடவை" என்றாள். மறுபடியும் போய் வந்தது. டோம்பிவிலி கிழக்கில், மூன்றாவது மாடிச் சமையலறையில், ஒரு மெரூன் பொட்டு விரலகலம் ஏறி இறங்குவதை மும்பையின் மறுகோடியில் ஒருத்தி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஸ்பீச் தெரபிஸ்ட். எனக்கு முழுங்கக் கற்றுக்கொடுத்தவள். மராத்தியில் அக்காவுக்கு 'தாயீ'. நெல்லைக் காதுக்கு அது நம் ஊர் 'தாயி' மாதிரியே விழும். நான் திருத்தவில்லை. என் மகனைவிட நாலு வயதுதான் பெரியவள். நேரில் 'மேடம்' என்பேன், எழுதும்போது 'அவள்' என்றுதான் வருகிறது. மன்னித்துக்கொள்வாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். 2022 நவம்பரில் என் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியே இல்லை, அதனால் ஒரு மாதம் சும்மா இருந்தேன். அப்புறம் ஊசி போட்டு எடுத்த சோதனை, ஸ்கேன், பயாப்ஸி. நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய், கழுத்து நெறிக்கட்டிக்கும் வந்திருக்கிறது என்றார்கள். வெற்றிலை போடுவீர்களா, புகையிலை உண்டா, மிஷ்ரி (பல்லில் தேய்க்கும் புகையிலைப் பொடி) தேய்ப்பீர்களா என்று டாக்டரிலிருந்து லிஃப்ட்காரர் வரை கேட்டுவிட்டார்கள். எதுவும் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். தொண்டையை நான் அதிகம் பயன்படுத்தியது 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்று கத்துவதற்கு மட்டும்தான்.

ஆபரேஷன் வேண்டாம், ரேடியேஷனும் கீமோவும் போதும் என்று முடிவானது. 35 ரேடியேஷன், வாரத்துக்கு 5 நாள், 7 வாரம், மொத்தம் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). கூடவே வாரம் ஒரு தடவை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. ஒப்புதல் படிவத்தில் பத்துப் பதினைந்து பக்கவிளைவு இருந்தது. வாய்ப்புண், எச்சில் வறட்சி, முடி, எடை என்று எல்லாவற்றுக்கும் நடுவில் 'விழுங்குவதில் சிரமம்' என்று ஒரு வரி. அதைப் படித்துச் சொன்னவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார், நானும்தான். தொண்டை கொஞ்ச நாள் வலிக்கும், அப்புறம் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

கத்தி விரலைப் பதம் பார்த்துவிட்டது என்போமே, அந்த அர்த்தத்தில்தான் ரேடியேஷன் என் தொண்டையைப் பதம் பார்த்தது. புண் ஆறிவிடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் விஷயம். விழுங்கும் தசைகள் மெல்ல மெல்ல இறுகும். வலிக்கிறதே என்று முழுங்காமல் விட்டால் இன்னும் வேகமாக இறுகும். இதை எனக்கு விளக்கியது அந்தப் பெண். அவளிடம் என்னை அனுப்பியது ஒரு நர்ஸ். முகமூடி அளவெடுக்கப் போன அன்று (முகத்தையும் தோளையும் மேஜையோடு பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் வலை), "ஸ்வாலோ தெரபி பார்த்தீங்களா?" என்று போகிற போக்கில் கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். அந்த நர்ஸ் அன்று லீவில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"எனக்குப் பேச்சு நல்லாத்தானே வருது, எதுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார், என்னமோ அவருக்கே சீட்டு எழுதின மாதிரி. பேசுவதும் முழுங்குவதும் ஒரே உறுப்புகளின் வேலை, அதனால் இரண்டையும் ஒருவரே படிக்கிறார்கள். மைசூரில் 1965-இலிருந்து இதற்கென்றே ஒரு தேசியக் கல்வி நிறுவனம் இருக்கிறது. திக்குவாய்ப் பிள்ளைகளுக்கும் காது கேளாதவர்களுக்கும் மட்டும்தான் அந்தப் படிப்பு என்று நானும் நினைத்திருந்தேன்.

முழுங்குவதைப் பற்றி ஐம்பது வருஷத்தில் நான் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. 'மென்னு முழுங்குறா' என்று மற்றவர்களைச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். அவள் பேப்பரில் படம் போட்டுக் காட்டினாள். மென்ற கவளத்தை நாக்கு பின்னால் தள்ளுகிறது. அந்த நொடியில் மூச்சு நிற்கிறது. குரல்வளை மேலேயும் முன்னேயும் எழும்புகிறது, அதன் மேல் ஒரு மூடி சாய்கிறது, உணவுக்குழாயின் வாசல் திறக்கிறது. சாப்பாடு கடந்ததும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்து மூச்சு தொடங்குகிறது. தொண்டைப் பகுதியில் இதற்கெல்லாம் ஒரு வினாடிதான் ஆகும். அந்த ஒரு வினாடியில் எங்காவது தாமதமானால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும். லோக்கல் வண்டி டிராக் மாற்றுகிற மாதிரி என்றாள். மும்பைக்காரிக்கு உதாரணம் ரயிலில்தான் வரும்.

முதல் சோதனை நேரில். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, பச்சைக் கலர் கலந்த பாலையும் தயிரையும் பிஸ்கட்டையும் கொடுத்து, தொண்டை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். பத்துக் கேள்வி கொண்ட ஒரு படிவம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டினால் 3 வந்தாலே கவனிக்க வேண்டும் என்று கணக்கு. எனக்கு அன்று 4. ஆறாவது வாரத்தில் 31. என் வாழ்க்கையில் மதிப்பெண் ஏறியதற்கு அழுதது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் பயிற்சிகள். பலமாக நெருக்கி முழுங்குவது ஒன்று. நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் மெல்லக் கடித்துக்கொண்டு எச்சிலை முழுங்குவது ஒன்று, இதற்கு மசாகோ என்று ஒரு ஜப்பானியப் பெண்ணின் பெயர். முழுங்கும்போது குரல்வளை ஏறியதும் அதை இரண்டு மூன்று வினாடி அங்கேயே பிடித்து நிறுத்துவது ஒன்று, அது மெண்டல்சன். மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது ஷேக்கர். வாய் திறக்கும் பயிற்சி தனி. எங்கள் வீட்டில் இந்தப் பெயர் எதுவும் நிலைக்கவில்லை. 'நாக்குக்கடி', 'புடிச்சு வை', 'காலைப் பாரு' என்றுதான் மகன் சொல்வான்.

இதையெல்லாம் வாரம் இரண்டு தடவை நேரில் பார்த்துச் சொல்லித்தருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் என் ரேடியேஷன் காலை 7 மணிக்கு, அவள் ஓபிடி (வெளிநோயாளிகளைப் பார்க்கும் நேரம்) செவ்வாயும் வெள்ளியும் மதியம் 2 மணிக்கு. ஐந்தேகால் வண்டியைப் பிடித்து தாதரில் இறங்கிப் போய், பத்து நிமிஷ வேலை முடித்து, அப்புறம் ஏழு மணி நேரம் ஒரு பெஞ்சில். முதல் செவ்வாய் உட்கார்ந்தேன். வெள்ளியும் உட்கார்ந்தேன். இரண்டாவது செவ்வாய் கீமோ போட்ட மறுநாள், பெஞ்சிலேயே வாந்தி எடுத்தேன். அன்று அவளே வந்து, "நீங்க வீட்டுக்குப் போங்க, நான் வீடியோவுல வர்றேன்" என்றாள்.

கொரோனாவில் பழகிய வழி இது. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 தேதியிட்டுத்தான் டாக்டர்கள் தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. தெரபிஸ்ட்கள் அதற்குள் நேரடியாக வருவதில்லை, ஆனால் அவர்களும் அந்தக் காலத்தில்தான் போனில் வேலை பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். நான் கொஞ்சம் அலட்சியமாகத்தான் சம்மதித்தேன். ஆன்லைன் டியூஷன் எடுத்தவளுக்கு ஆன்லைன் மேல் எவ்வளவு மரியாதை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஃப்ளாட்டில் நெட்வொர்க் ஒழுங்காகக் கிடைப்பது சமையலறை ஜன்னலில் மட்டும். ஹாலில் உட்கார்ந்தால் படம் உறையும், பெட்ரூமில் சத்தமே வராது. வேறு வழியில்லாமல் கேஸ் அடுப்புக்கும் மிக்ஸிக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, குக்கரில் போனைச் சாய்த்து வைத்தேன். பின்னால் அத்தை வெங்காயம் உரிப்பது தெரியும். "மன்னிச்சுக்கோங்க, இங்கதான் சிக்னல்" என்றேன். "நான் இங்க வரத்தான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரி அறையில் அவள் கொடுப்பது பாக்கெட் தயிரும் மாரி பிஸ்கட்டும். நோயாளி வீட்டுக்குப் போய் என்ன சாப்பிடுகிறாள், எந்த ஸ்பூனில், எப்படி உட்கார்ந்து, யார் ஊட்டி, எதுவும் அவளுக்குத் தெரியாது. சிக்னல் இல்லாத எங்கள் ஹாலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

போனில் எதையாவது வாயில் வைப்பதற்கு முன் அவளுக்குச் சில கண்டிப்புகள். வீட்டில் இன்னொரு ஆள் கூடவே இருக்க வேண்டும். பல் தேய்த்து வாய் கொப்பளித்திருக்க வேண்டும், வாயில் இருக்கும் அழுக்கு எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் செஷன். எங்கள் முகவரியும் பக்கத்து ஆஸ்பத்திரியின் எண்ணும் அவள் தாளில் எழுதியிருக்கும். இருமல் வந்தால் நிறுத்த வேண்டும், வீராப்பு கூடாது.

முதல் சண்டை ரசஞ்சோற்றில் வந்தது. மூன்றாவது வாரம், வாயெல்லாம் புண். அத்தை மிளகாய் போடாமல், புளி பேருக்குக் காட்டி ஒரு ரசம் வைத்து, சோற்றைக் குழைத்துக் கரைத்துக் கொண்டுவந்தார். நம் ஊரில் காய்ச்சல்காரர்களுக்கு வேறு என்ன கொடுப்போம்? நான் ஒரு வாய் எடுத்தேன், இருமினேன். அடுத்த வாய், இருமினேன். அவள், "நிறுத்துங்க, கிண்ணத்தைக் கேமராவுக்குக் காட்டுங்க" என்றாள். ஸ்பூனில் எடுத்துச் சாய்க்கச் சொன்னாள். தண்ணீர் வழிந்து ஓடியது, பருக்கை தங்கியது. இதுதான் கஷ்டம் என்றாள். தண்ணியும் கட்டியும் சேர்ந்து வாய்க்குள் போனால், பருக்கையை நாக்கு தடவிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும். நல்ல தொண்டை சமாளிக்கும், என் தொண்டைக்கு முடியாது. வெறும் ரசம் தனி, குழைத்த தயிர்ச்சோறு தனி, இரண்டும் கலந்தது வேண்டாம்.

அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஐம்பது வருஷத்து தாராவி ஹிந்தியில், "ரசஞ்சோறு சாப்பிட்டு யாரும் செத்ததில்லை பேட்டி (மகளே)" என்று போனைப் பார்த்துச் சொன்னார். "தெரியும் ஆஜி (பாட்டி), ஆனா இவங்க தொண்டை இப்ப அவங்க தொண்டை இல்ல" என்றாள் அவள். அத்தை பதில் பேசவில்லை. சாயங்காலம் உளுந்தங்கஞ்சியைக் காய்ச்சி, மிக்ஸியில் அடித்து, வடிகட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் எனக்குத் தனியாக இதைச் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லியிருப்பேனா? சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருப்பாரா? அந்தக் கிண்ணம் அன்று கேமராவில் தெரிந்ததால்தான் நடந்தது.

நாலாவது வாரத்துக்கு அப்புறம் நான் நல்ல நோயாளி இல்லை. இதை மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சி நோட்டில் டிக் போட்டேன், பயிற்சி செய்யவில்லை. எச்சில் கயிறு மாதிரி திரிந்து தொங்கும், துப்பினால் அறுபடாது. முழுங்கினால் கண்ணாடித் தூளை முழுங்குகிற மாதிரி இருக்கும். இதில் ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒவ்வொன்றும் பத்துத் தடவை என்றால் யார் செய்வார்கள்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இந்த மாதிரித் தொலைவழிப் பயிற்சியைப் பல வருஷமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கேயும் சிகிச்சை போகப் போகப் பயிற்சி குறைந்துபோகிறது, நேரில் தெரபிஸ்ட் இருந்தாலும்தான். அதைப் பின்னால் தெரிந்துகொண்டபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஐந்தாவது வாரம் எடை 61-இலிருந்து 53-க்கு வந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்குச் சாப்பாடு போக ரைல்ஸ் டியூப் போட்டார்கள். அன்று முதல் நான் கேமராவை அணைத்துவிட்டேன். மூக்கில் குழாயோடு, கன்னத்தில் பிளாஸ்திரியோடு, வாயோரம் வழிகிற ஆளை யாரும் பார்க்க வேண்டாம். ரயிலில் பார்ப்பதே போதும். மும்பை லோக்கலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம், நானும் அதில்தான் போய்வந்தேன். அங்கேகூட எதிர் சீட்டில் இருப்பவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்புவார்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, கேமரா வேண்டாம். போனைத் தொண்டைகிட்ட வைங்க. எச்சில் முழுங்குங்க, சத்தம் மட்டும் கேக்கறேன்" என்றாள். முழுங்கினேன். "ஒண்ணு" என்றாள். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. மறுபடி முழுங்கினேன். "ரெண்டு." பத்து வரை எண்ண இருபது நிமிஷம் ஆனது. இடையில் அவள் அறையில் யாரோ கதவைத் தட்டினார்கள், அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டாள். குழாயில் சாப்பாடு போனாலும் தொண்டை தினமும் வேலை செய்ய வேண்டும், எச்சிலானாலும் ஒரு ஸ்பூன் தண்ணீரானாலும் சரி என்றாள். அந்த மாதம் எங்களுக்குள் நடந்ததெல்லாம் இந்த எண்ணிக்கைதான். ஒன்பதாம் வாய்ப்பாட்டை ஒரு பிள்ளைக்கு உட்கார்ந்து சொல்லித்தருவேனே, அந்தப் பொறுமை.

பிப்ரவரி கடைசியில் ரேடியேஷன் முடிந்தது. முடிந்த பிறகுதான் மோசமான இரண்டு மூன்று வாரம் இருக்கிறது என்று முன்பே எச்சரித்திருந்தாள், அப்படியே ஆனது. அந்த நாட்களில் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலை இல்லை. அதாவது தினமும் என்னைப் பார்க்கிற ஆளும் இல்லை. நோயாளிகள் நழுவிப்போவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னை நழுவவிடாமல் வைத்தது செவ்வாய், வெள்ளி 11 மணி போன்தான்.

போன் செய்ய முடியாததையும் சொல்ல வேண்டும். மார்ச் கடைசியில் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்த மோர் குடிக்க ஆரம்பித்திருந்தேன். இருமல் இல்லை, எனக்குப் பெருமை. ஒவ்வொரு வாய்க்கும் பிறகு 'ஆ' சொல்லச் சொல்வாள். குரல் தெளிவாக இருந்தால் நல்லது, தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி களகளத்தால் குரல்நாண் மேல் ஏதோ நிற்கிறது என்று பொருள். என் 'ஆ' அவள் காதுக்கு ரொம்பச் சுத்தமாகக் கேட்டதாம். அந்தச் சுத்தம்தான் அவளுக்குச் சந்தேகம் தந்திருக்கிறது. "உங்க போன்ல ரெக்கார்டர் இருக்கும், அதுல பதிவு பண்ணி அனுப்புங்க" என்றாள். அனுப்பினேன். பதிவில் களகளப்பு நன்றாகக் கேட்டது. வீடியோ ஆப் பின்னணி இரைச்சலை வடிகட்டுகிறது இல்லையா, குக்கர் விசில், மிக்ஸி எல்லாவற்றையும் குறைக்கிறதே, அது என் தொண்டையின் களகளப்பையும் இரைச்சல் என்று நினைத்து எடுத்துவிட்டிருக்கிறது.

"இதுக்கு மேல நான் திரையில பார்க்க முடியாது. நேர்ல வாங்க" என்றாள். எனக்கு எரிச்சல். நன்றாகத்தானே குடிக்கிறேன், எதற்கு மறுபடி தாதர்? அவள் விடவில்லை. ஏப்ரலில் போனேன். மூக்குக் கேமரா, பச்சைப் பால். நாக்கின் அடிக்கும் அந்த மூடிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் ஒவ்வொரு முழுங்குக்கும் கொஞ்சம் தங்குகிறது. தண்ணீரான பொருள் குரல்நாணைத் தாண்டி உள்ளே கசிகிறது, நான் இருமவே இல்லை. ரேடியேஷன் அந்த இடத்தின் உணர்வையும் மழுங்கடித்திருக்கிறது. திரையில் பச்சை ஒரு கோடாக உள்ளே இறங்குவதை நானே பார்த்தேன். பெருமை அதோடு போனது.

இந்த இடத்தில்தான் ஊசி எங்கள் சமையலறைக்கு வந்தது. எனக்குக் கொஞ்ச நாள் தண்ணீராக எதுவும் வேண்டாம், திக்காக வேண்டும். எவ்வளவு திக்கு? சாப்பாட்டின் பதத்துக்கு உலக அளவில் 0 முதல் 7 வரை எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். 0 தண்ணீர், 7 நாம் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாடு. எனக்கு 2 என்றாள். வீட்டில் எப்படி அளப்பது? மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்தண்டை உருவிவிட வேண்டும். முனையை விரலால் அடைத்து, 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து, பத்து வினாடியில் மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே எவ்வளவு மிச்சமோ அதுதான் பதம். ஒன்றுக்குக் கீழே மிச்சமானால் 0. 1 முதல் 4 மில்லி மிச்சம் என்றால் ஒன்று, 4 முதல் 8 என்றால் இரண்டு, அதற்கு மேல் மூன்று. சிரிஞ்சிலும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. 0-விலிருந்து 10 வரையான கோடு 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று, மகனின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துக் கேமராவில் காட்டச் சொன்னாள்.

"கஞ்சிக்கு எதுக்குட்டி ஊசி?" என்று அத்தை வந்து நின்றார். நான் விரலை எடுத்தேன், மகன் வினாடி எண்ணினான். ரசம், மிச்சமே இல்லை. மோர், அரை மில்லி. சூடான உளுந்தங்கஞ்சி, 5 மில்லி. இரண்டாம் எண், பாஸ். அத்தைக்குச் சிரிப்பு. அதே கஞ்சியைப் பத்து நிமிஷம் ஆறவைத்து மறுபடி ஊற்றச் சொன்னாள் அவள். 9 மில்லி நின்றது. ஆற ஆற இறுகுகிறது, அதனால் குடிக்கிற சூட்டில்தான் அளக்க வேண்டும். அரிசிக் கஞ்சியில் வேறொரு வித்தை. வாய்க்குப் போன ஸ்பூனை மறுபடி கிண்ணத்தில் விட்டால் கொஞ்ச நேரத்தில் கஞ்சி நீர்த்துவிடும், எச்சில் மாவுச்சத்தைக் கரைத்துவிடுகிறது. எனக்கு அப்போது எச்சிலே கொஞ்சம்தான், ஆனாலும் ஊட்டுவதற்குத் தனி ஸ்பூன், எடுப்பதற்குத் தனி ஸ்பூன் என்று ஆனது.

அத்தை இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தன பாடு? பாகுல கம்பிப் பதம் பாக்கலியா, மாவுல தோசைப் பதம் பாக்கலியா? ரெண்டுன்னா மோர்க்குழம்புப் பதம்" என்றார். மோர்க்குழம்பை ஊற்றினோம். 6 மில்லி. அவள் அந்தப் பக்கம் கைதட்டினாள். 'மோர்க்குழம்பு' என்று ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள், அடுத்த தமிழ் நோயாளிக்கு ஆகும் என்று. சொதியை நான்தான் சொன்னேன், தேங்காய்ப்பால் கெட்டியாக விட்டுக் காய்கறியை மசித்தது. நெல்லைக்காரியிடம் சொதிக்கு எண் கொடுக்கச் சொன்னால் மனசு கேட்காது, ஆனாலும் அளந்தோம். ஒன்று.

ஒரு வாய்க்கு இரண்டு முழுங்கு, பலமாக. இரண்டு வாய்க்கு ஒருமுறை 'ஆ'. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு ஐம்பது நிமிஷம். மே மாதம் ஒரு செஷனில் மணி ஒன்றரை ஆகிவிட்டது. அத்தை ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "கானா காயா (சாப்பிட்டியா), பேட்டி?" இன்னும் இல்லை ஆஜி என்றாள். "அப்ப எடுத்து வச்சுச் சாப்பிடு, அவ முழுங்குறதுக்குள்ள நீ முடிச்சிடுவ." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். சப்பாத்தி, மேத்தி பாஜி (வெந்தயக்கீரைப் பொரியல்). மூன்று மாதமாக நான் சாப்பிடும்போது எல்லோரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று எதிரில் இருந்தவர் தன் சாப்பாட்டைப் பார்த்தார். நான் ஒரு கிண்ணத்தை 35 நிமிஷத்தில் முடித்தேன். ரைல்ஸ் டியூப் அதற்கு அடுத்த வாரம் வெளியே வந்தது.

தொண்டைப் பொட்டு ஜூனில், தோல் ஆறிய பிறகு. ரேடியேஷன் நேரத்தில் கழுத்துத் தோல் வெந்து கறுத்திருக்கும், பவுடர்கூடப் போடக் கூடாது, ஒட்டுவதெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. இதைப் படித்துவிட்டு யாராவது சிகிச்சைக்கு நடுவில் பொட்டு ஒட்டிக்கொள்ளாதீர்கள், தெரபிஸ்டைக் கேளுங்கள்.

எனக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்காது. காத்திருக்கும் பெஞ்சில் என் பக்கத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார், கூட அவர் தம்பி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பட்டன் போன். ஊருக்குத் திரும்பினால் முழுங்கச் சொல்லித்தர அங்கே யாரும் இல்லை, வீடியோவும் இல்லை. தொலைவழிச் சிகிச்சை யாருக்காக என்று பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது அவரைத்தான், கடைசியாகப் போய்ச் சேர்வதும் அவருக்குத்தான். தாராவியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு இதே நோய். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர். கேமரா முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார அவருக்குக் கூச்சம், இரண்டு செஷனோடு விட்டுவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு ஒரு சமையலறையும், ஒரு கதவும், எண்ணுவதற்கு ஒரு மகனும் இருந்தார்கள்.

இப்போது தோசை சாப்பிடுகிறேன், முறுகல் இல்லாமல், சாம்பாரில் ஊறவைத்து. இட்லி வறண்ட வாயில் களிமண் உருண்டை மாதிரி ஆகிவிடும், நோயாளிக்கு இட்லி என்று யார் சொன்னார்களோ. கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். தாடை இறுகாமல் இருக்க ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துத் திறந்து வைப்பேன். 17 குச்சியில் ஆரம்பித்தது இப்போது 24. வாய் 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பிரச்சனை என்று கணக்கு, நான் கொஞ்சம் மேலே இருக்கிறேன். தசை இறுகுவது வருஷங்கள் கழித்தும் வரலாம் என்பதால் நாக்குக்கடியும் புடிச்சு வையும் தினமும் உண்டு, குக்கர் மூணு விசில் வருவதற்குள். வாய்ப்பாடு சொல்லித்தருகிறேன். குரல் கொஞ்சம் கரகரப்பு, பிள்ளைகளுக்குப் பயம் கூடியிருக்கிறது.

போன் இப்போது மாதம் ஒரு தடவைதான். போன மாதம் அத்தை முந்திக்கொண்டு வந்து குக்கருக்கு முன்னால் நின்றார். "பேட்டி, இன்னும் ரசஞ்சோறு கூடாதா? ஒரு வருஷமாச்சு." அவள் சிரித்துவிட்டு, மூக்குக் கேமராவில் தொண்டையைப் பார்க்காமல் சொல்ல முடியாது ஆஜி என்றாள். தேதி கொடுத்திருக்கிறாள், வரும் 14, காலை பத்து மணி. பச்சைக் கலர் பாலுக்குப் பதிலாக ரசஞ்சோற்றையே கொண்டுவரலாமா என்று அத்தை கேட்டார். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். "கொண்டு வாங்க, கலர் நான் போட்டுக்கறேன்" என்றாள்.

அத்தை இப்போதே பூண்டு உரித்து வைத்திருக்கிறார். மிளகு வேண்டாம் என்று சொன்னால் கேட்பாரா, பார்க்கலாம்.